தெருவில் நடந்துபோன பையனின் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறார்கள், என்ன பதில் எழுதுவது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்புக்கு ஓர் இணையக் குழு உண்டு. காணாமல் போன நாய், புல் வெட்ட ஆள், குப்பை வண்டி வராத நாள், இப்படித்தான் ஓடும்.

போன வாரம் ஒருவர் தன் வாசல்மணி கேமராவில் விழுந்த படத்தைப் போட்டார். சாம்பல் நிற ஹூடி, காதில் இயர்போன், கையில் ஒன்றும் இல்லை. நடைபாதையில் போகிற ஒரு கறுப்பினப் பையன். மாலை நாலு மணி, பளிச்சென்ற வெயில். "இவரை யாருக்காவது தெரியுமா? வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகிறார்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கீழே மளமளவென்று பதில்கள். கார் கதவைப் பூட்டுங்கள், நானும் பார்த்தேன், நேற்றும் வந்தான் போலிருக்கிறது. போலீசுக்குப் போன் போட்டாயிற்று என்று ஒருவர்.

தெருக்கோடி வீட்டை அண்மையில் வாங்கிய குடும்பத்துப் பையன் அவன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறான். தன் தெருவில் நடந்திருக்கிறான்.

இதே வாரம் பூச்சிமருந்து விற்கிற பையன்கள் வந்தார்கள். கோடை வந்தால் தவறாமல் வருவார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். மணி அடிப்பார்கள், திறக்காவிட்டால் பக்கவாட்டில் போய்க் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பார்கள். "உங்கள் சுவரோரம் சிலந்தி இருக்கிறது மேடம்" என்பார்கள். எல்லாரும் வெள்ளைக்காரப் பையன்கள். அவர்களைப் பற்றியும் குழுவில் பதிவு வரும். "ஐயோ, மறுபடி வந்துட்டாங்கப்பா" என்கிற மாதிரி சலிப்பும் சிரிப்புமாக வரும். படம் வராது, போலீஸ் வராது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் படத்துக்குக் கீழே நம் ஆட்கள் சிலரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்தான்.

சண்டைக்காரி என்று பெயர் வாங்காமல், ஆனால் சும்மாவும் இருக்காமல், என்ன எழுதலாம்?

---

கொங்குத்தம்பி எழுதியது:

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு? பச்சை அட்டைக்கே வரிசையில் நிற்கிறோம். தெரியாத ஆள் நடந்தால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். என் அப்பா ஊரிலிருந்து வந்து வேட்டியோடு நடைபயிற்சி போனபோது அவரையும்தான் முறைத்துப் பார்த்தார்கள்.

அப்புறம், இந்த மாதிரி விஷயம் வந்தாலே 'வெள்ளையர் சலுகை' என்று ஒரு பேச்சு வரும், வெள்ளையராகப் பிறந்ததாலேயே ஒருவருக்குச் சில தடைகள் இல்லை என்று. எங்கள் கிடங்கில் சரக்கு ஏற்றுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு வேலை பார்க்கிறார், பல் பிடுங்கக் காசில்லை. அவரிடம் போய் உனக்குச் சலுகை இருக்கிறது என்று சொன்னால் அடிக்க வருவார். நியாயம்தானே?

---

பழையசோறு எழுதியது:

வேட்டியோடு போன அப்பாவை முறைத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள் தம்பி. அதைத்தானே அக்காவும் கேட்கிறார்?

---

நெடுஞ்சாலை400 எழுதியது:

ஏரிக்கரை, உங்கள் கவுண்டியின் பழைய கதை தெரியுமா? நானும் அங்கே ஆறேழு வருடம் குடியிருந்தேன். வீடு வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

1912 செப்டம்பர். ஃபோர்சைத்தில் ஒரு வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டுக் காட்டில் கிடந்தாள், பிறகு இறந்துபோனாள். பழி கறுப்பினத்தவர் மேல் விழுந்தது. ராப் எட்வர்ட்ஸ் என்பவரைக் கமிங் நகரச் சிறையிலிருந்து இழுத்து வந்து கும்பல் கொன்றது. பதின்ம வயதுப் பையன்கள் இருவருக்கு அவசர அவசரமாக விசாரணை நடந்தது, அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கத் தூக்கில் போட்டார்கள். இதற்கு நடுவில் இரவோடு இரவாகக் குதிரையில் வந்து வீடுகளை எரித்தார்கள், தேவாலயங்களை எரித்தார்கள். 1910 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியில் ஆயிரத்துக்கு மேல் கறுப்பினத்தவர் இருந்தார்கள். சில மாதங்களில் ஏறக்குறைய ஒருவரும் மிஞ்சவில்லை. வந்த விலைக்கு நிலத்தை விற்றுவிட்டு ஓடியவர்கள் உண்டு. விற்காமலே ஓடியவர்களும் உண்டு. அப்படிப் போன சில நிலங்களை அக்கம்பக்கத்தார் வளைத்துக்கொண்டார்கள், வரி கட்டினார்கள், காலப்போக்கில் அவர்கள் பெயருக்கே ஆகிவிட்டது.

இது ஏதோ தாத்தா காலம் என்று நினைக்க வேண்டாம். 1987 ஜனவரியில் குடிமையுரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு ஊர்வலம் அங்கே போனது. கல் பறந்தது. அடுத்த வாரம் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், இன்னொரு குடிமையுரிமைப் போராளி ஜான் லூயிஸ் உட்பட ஏறத்தாழ 20,000 பேர் திரும்ப வந்தார்கள், தேசியக் காவல் படையின் பாதுகாப்போடு. அதாவது, எழுபத்தைந்து வருடம் கழித்தும் ஒரு கறுப்பினத்தவர் அந்தக் கவுண்டியில் தெருவில் நடக்கப் படை வேண்டியிருந்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா அடுத்த மாதமே கமிங்குக்கு வந்து நிகழ்ச்சி எடுத்தார், தேடினால் கிடைக்கும்.

அப்புறம் நெடுஞ்சாலை வந்தது, கம்பெனிகள் வந்தன, நாம் வந்தோம். 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியில் ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர். கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நவராத்திரி கொலுவுக்கு வீடு வீடாகப் போகிற அந்தத் தெருக்கள் அப்படிக் காலி செய்யப்பட்ட மண்ணில்தான் இருக்கின்றன. கொஞ்சம், பின்னாளில் அணை கட்டி உருவாக்கிய லேனியர் ஏரிக்கு அடியிலும் கிடக்கிறது. ஏரிக்கரை என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, சும்மா சொன்னேன் 🙂

---

பழையசோறு எழுதியது:

எங்கள் ஏஜென்ட் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லா இருக்கும்' என்றார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நம் ஆட்கள் ரேட்டிங் பத்துக்குப் பத்தா என்று மட்டும்தான் பார்க்கிறோம். அந்தப் பத்து எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை.

---

கொங்குத்தம்பி எழுதியது:

படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1912-இல் என் கொள்ளுத்தாத்தா காங்கேயம் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் விசா வாங்கி, வரி கட்டி, கடன் போட்டு வீடு வாங்கினேன். இதில் என் குற்றம் என்ன? கிடங்குக்காரரைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை.

---

நெடுஞ்சாலை400 எழுதியது:

குற்றம் என்று யார் சொன்னது? கிடங்குக்காரர் கேள்வி நல்ல கேள்வி, அதற்கே வருகிறேன்.

அவருக்குக் கஷ்டம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய கஷ்டங்களில் தோல் நிறம் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் செய்த சோதனை 2004-இல் வெளியானது. பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் என்று வெள்ளையர் பெயர்கள் சில, லகீஷா, ஜமால் என்று கறுப்பினத்தவர் பெயர்கள் சில. வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்கு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. கிடங்குக்காரர் பெயர் எமிலி பக்கம் இருந்தால் அந்த ஒரு இடத்தில் அவருக்குத் தடை இல்லை. தடை இல்லாதது யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால்தான் சொன்னால் கோபம் வருகிறது.

வீட்டுக் கதையும் இப்படித்தான். 1934-இல் ஏற்படுத்திய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தான பகுதிகள் என்று ஒதுக்கியது. அந்த உத்தரவாதத்தில் வீடு வாங்கிய வெள்ளையினத் தொழிலாளி பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் வீடு விலை ஏறியது, மகன் படித்தான், பேரனுக்கு முன்பணம் கிடைத்தது. இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

நாம் எங்கே வருகிறோம் என்றால், 1923-இல் பகத் சிங் திந்த் என்கிற பஞ்சாபியர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் என்பது அன்றைய சட்டம். தானும் காக்கேசியர்தான், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று ஏற்க மாட்டான் என்று நீதிமன்றம் கைவிரித்தது. தன் வாதத்தில் உயர்சாதிப் பெருமையையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பது தனி வேடிக்கை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள். நமக்கெல்லாம் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். அதற்கு முந்தைய வருடம்தான் குடிமையுரிமைச் சட்டம் வந்தது. அடிபட்டு, சிறை போய் அந்தக் காற்றைத் திருப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பி, நீங்கள் விசா வாங்கியது உங்கள் திறமை. விசா என்று ஒன்று உங்களுக்கு இருப்பது அவர்கள் போராட்டம்.

---

இரவுப்பணி டாக்டர் எழுதியது:

இழை வீட்டையும் போலீசையுமே சுற்றுகிறது. மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், இதில் கெட்டவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் எல்லோருக்கும் தெரியும், கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோம். சிவப்பு ஒளி ஒன்று, அகச்சிவப்பு ஒளி ஒன்று விரல் வழியாகப் போகும். ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து எண் காட்டும். தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். கருவி பெரும்பாலும் வெளிர்தோல் ஆட்களை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. விளைவு, தோல் கறுப்பானால் சிலநேரம் உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் கணக்கு வெளியிட்டார்கள். கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தைச் சோதித்தால், ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். இத்தனைக்கும் கருவிக்கும் தோல் நிறத்துக்கும் உள்ள சிக்கலை 1990-லேயே எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

நடு இரவில் வார்டில் இது எப்படி நடக்கும் தெரியுமா? நோயாளி மூச்சு முட்டுகிறது என்கிறார். நர்ஸ் எண்ணைப் பார்க்கிறார், 94. "நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார். கறுப்பினப் பெண் ஒருவர் இரண்டாவது தடவை மணி அடித்தால் 'பதற்றப்படுகிறவர்' என்று குறிப்பு ஏறும். அதைப் படித்துவிட்டு வருகிற டாக்டர் பாதி முடிவோடுதான் உள்ளே வருவார். வெள்ளையருக்கு அந்த இடத்தில் கிடைப்பது ஒன்றே ஒன்று, கருவி அவருக்குச் சரியாக வேலை செய்கிறது. அதை யாரும் சலுகை என்று உணர மாட்டார்கள், ஏன் உணர வேண்டும்?

நம் விரலும் அந்தக் கருவிக்குக் கறுப்பு விரல்தான். எண் நன்றாக இருந்தும் மூச்சு இளைக்கிறது என்றால் ரத்தச் சோதனை கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

---

ஸ்காபரோ பெடியன் எழுதியது:

டாக்டர் சொன்னது புது விசயம், நன்றி.

நான் கனடா. இங்கே ரொறன்ரோவில் 'கார்டிங்' எண்டு ஒண்டு இருந்தது. குற்றம் ஒன்றும் செய்யாமல் தெருவில் நிற்கிறவனை மறித்துப் பேர், விலாசம், ஆரோடு திரியிறாய் எண்டு கேட்டுப் பதிந்து வைப்பார்கள். கறுப்பினப் பெடியளைத்தான் அதிகம். எங்கட தமிழ்ப் பெடியளும் தப்பவில்லை. கனபேர் கத்தின பிறகு 2017 ஜனவரியில் ஒன்ராறியோ அரசு அதைக் கட்டுப்படுத்தி விதி போட்டது.

நான் சொல்ல வந்தது வேற. ஒரு இரவு நாங்கள் நாலு பேர் ஒரு காரில். ஓட்டினது என்னோட படிச்ச வெள்ளைக்காரப் பெடியன், மற்ற மூன்று பேரில் இரண்டு தமிழ், ஒரு ஜமெய்க்கன். போலீஸ் மறித்தது. ஓட்டினவனிடம் லைசென்ஸை வாங்கிப் பார்த்துப்போட்டு, பின்னால் டோர்ச் அடிச்சு எங்கட மூன்று பேரின்ர ஐடியையும் கேட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் பொக்கற்றில் கை விடப் போனோம், பழக்கதோசம். கையை உள்ளே விடுறதே ஆபத்து எண்டு ஜமெய்க்கன் பெடியன் அப்பிடியே கையைத் தூக்கி வைத்திருந்தான். ஓட்டினவன் மட்டும் கேட்டான்: "ஓட்டினது நான், அவங்கட ஐடி எதுக்கு?" குரல் உயர்த்தவில்லை. சண்டை பிடிக்கவில்லை. அந்தப் போலீஸ்காரர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுச் சரி போங்கோ எண்டார்.

அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் காரைவிட்டு இறக்கியிருப்பார்கள். அவனுக்கு அது தெரியும், அதுதான் அவன் கேட்டான். அக்கா, அந்தக் குழுவில் நீங்கள்தான் அந்த ஓட்டினவன். அந்தப் பையன்ர தாய் வந்து கேட்டால் 'எல்லாத்தையும் இனமாக்குறா' எண்டுதான் சொல்லுவினம்.

---

கொங்குத்தம்பி எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. ஊருக்குப் போனால் சாதி பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம். இங்கேயும் வாட்ஸாப்பில் சாதிச் சங்கம் தனித்தனியாக ஓடுகிறது. அவர்களே வெள்ளையரின் பாரபட்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

---

பழையசோறு எழுதியது:

சிரிக்க வேண்டிய இடம்தான். சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக சியாட்டில் நகராட்சி 2023 பிப்ரவரியில் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் அதே வருடம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். எதிர்த்துக் கூட்டம் போட்டவர்களில் நம் நாட்டவர் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். 'என் பிள்ளைக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது' என்று அங்கே சிலர் பேசினார்கள். அப்படியே அந்தப் படம் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் குரல். ஆனால் அதற்காக இதைப் பேசக் கூடாது என்று ஆகாது தம்பி, இரண்டையும் பேசுவோம்.

---

நெறியாளர்: சாதிக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள், இங்கே ஏரிக்கரையின் கேள்விக்கு வருவோம்.

---

நெடுஞ்சாலை400 எழுதியது:

சரி, கேள்விக்கு. இந்த மாதிரிப் பதிவு வெறும் வம்பளப்பு இல்லை என்பதற்கு ஜார்ஜியாவிலேயே சாட்சி உண்டு. 2020 பிப்ரவரி 23, பிரன்ஸ்விக் பக்கம் சட்டில்லா ஷோர்ஸ் குடியிருப்பு. அமாட் ஆர்பெரி, 25 வயது, ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று சந்தேகித்து அப்பாவும் மகனும் துப்பாக்கியோடு டிரக்கில் துரத்தினார்கள், இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே வண்டியில் வந்து வீடியோ எடுத்தார். சுட்டுக் கொன்றார்கள். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் அவர் போய்ப் பார்த்தார் என்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம். அதே வீட்டின் கேமராவில் வேறு பலரும் உள்ளே போய் வந்தது பதிவாகியிருந்தது, ஒரு வெள்ளையினத் தம்பதியும்கூட. அவர்களை யாரும் துரத்தவில்லை. உங்கள் பூச்சிமருந்துப் பையன்கள் ஞாபகம் வந்தார்கள்.

கைது நடக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவும் வீடியோ வெளியே வந்த பிறகு. குடிமகனே குற்றவாளியைப் பிடிக்கலாம் என்கிற 1863-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டிச் சமாளித்தார்கள். அந்தச் சட்டத்தை மாநிலம் 2021-இல் தூக்கியது. அதே நவம்பரில் மூன்று பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு.

எழுதுவதற்கு ஒரு யோசனை. அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிற நெக்ஸ்ட்டோர் செயலியில் இதே தொல்லை இருந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து மக்கள் விடாமல் புகார் செய்த பிறகு 2016-இல் படிவத்தையே மாற்றினார்கள். ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதலில் எழுத வேண்டும். இனத்தைக் குறிப்பிட்டால் உடை, முடி, செருப்பு என்று வேறு அடையாளங்களையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பதிவு போகாது. அப்படிப்பட்ட பதிவுகள் முக்கால்வாசி குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நிரப்ப ஒன்றும் இல்லாதபோது பாதிப்பேர் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

நீங்களும் அதையே கேளுங்கள். "அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" ஒரே வரி. இனவாதம், பாரபட்சம் என்ற சொற்களே வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய பாரம் அவர்கள் மேல் விழட்டும்.

---

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எழுதினேன். "படத்தில் நடைபாதையில் நடப்பது மட்டும்தான் தெரிகிறது. வேறு ஏதாவது செய்தாரா? எனக்குத் தெரிந்தவரை இவர் நம் தெருவில் குடியிருப்பவர்." அவ்வளவுதான் எழுதினேன்.

படம் போட்டவர் "பாதுகாப்புக்குத்தானே, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்றார். சரி, ஆனால் என்ன செய்தார் என்று மறுபடி கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் பதிவு காணாமல் போனது, மன்னிப்பு எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி மட்டும் கீழே "நல்ல கேள்வி" என்று எழுதியிருந்தார், நான் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரல் போட்ட நம் ஆள் தனிச் செய்தியில் வந்தார். "அக்கா, நாங்க கவனிக்காம போட்டுட்டோம், ஆனா பப்ளிக்கா எதுக்கு?" பப்ளிக்காகத்தானே படம் போட்டார்கள் என்று கேட்டேன். படித்துவிட்டார் என்று 'சீன்' விழுந்தது, பதில் விழவில்லை.

அந்தக் குடும்பம் குழுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. எல்லாவற்றையும் படித்திருப்பார்கள். இன்று காலை அந்த அம்மா குழுவில் ஒரு கேள்வி போட்டிருக்கிறார், கூரை பழுதுபார்க்க நல்ல ஆள் யார் என்று. நான் எங்கள் ஆளின் எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்து, குடியிருப்புச் சங்கக் கூட்டம் வருகிறது. கேமராப் படம் போடுகிறவர் ஆள் என்ன செய்தார் என்று எழுதாவிட்டால் நிர்வாகி பதிவை ஏற்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பாட்டி வழிமொழிகிறேன் என்றிருக்கிறார். ஓட்டு போதுமா என்பதுதான் தெரியவில்லை.

---

கொங்குத்தம்பி எழுதியது:

அக்கா, நானும் அதே கவுண்டிதான், இதுவரை சொல்லவில்லை. உங்கள் குடியிருப்பில் என் மச்சான் வாடகைக்கு இருக்கிறான். வாடகைக்காரருக்கு ஓட்டு உண்டா?

---

ஏரிக்கரை எழுதியது:

இல்லை தம்பி, வீட்டு உரிமையாளருக்குத்தான். ஆனால் உரிமையாளர் எழுத்தில் பிராக்ஸி, அதாவது தன் சார்பில் ஓட்டுப் போட அனுமதி, கொடுத்தால் செல்லும். படிவம் சங்கத்தின் தளத்தில் இருக்கிறது. மச்சானை உரிமையாளரிடம் இந்த வாரமே பேசச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.